இனிப் பிள்ளை போதும் என்றால்: ஒப்பரேசனுக்கு முன் கணவனும் மனைவியும் பேச வேண்டியவை

மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்லாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் மிட்வைஃப் மிஸ் என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் பொழுது சாயும் நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு சோடியாக வருகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மிஸ், எங்களுக்குப் பிள்ளைகள் போதும். இனி வராமல் நிறுத்துவதற்கு என்ன செய்ய வேணும்?"

எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் என்று சொல்லி அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று மகப்பேற்று நிபுணர், அதாவது வி.ஓ.ஜி. இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு நமக்கு அதிக தூரமும் இல்லை. ஆனால் வந்தவர்களை நான் அப்படி உடனே அனுப்புவதில்லை. உட்கார வைத்துப் பேசுவேன். ஒப்பரேசன் சின்னது, அதற்கு முந்திய பேச்சுத்தான் பெரியது. அந்தப் பேச்சைக் கணவனும் மனைவியும் வீட்டில் எப்படி நடத்தலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவெடுக்கக் கூடாத நாட்கள்

பிரசவ வலியோடு வாட்டில் கிடக்கும்போது "இதோட போதும், எல்லாத்தையும் வெட்டி விடுங்கோ" என்று அழாத தாய் குறைவு. அந்த அழுகை உண்மை. ஆனால் அந்த நேரத்தில் போடும் கையொப்பம் வலி போடும் கையொப்பம். பிள்ளை பிறந்து நாற்பது நாள் போனதும் அதே பெண் வேறு மாதிரிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே போல, கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை நடந்த மாதம், வேலை போன மாதம், வீட்டில் ஒரு சாவு நடந்து ஆண்டுத் திவசம் முடியாத காலம், பிறந்த பிள்ளை குறைமாதப் பிள்ளையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நாட்கள், இவையெல்லாம் நிரந்தர முடிவுக்கான நாட்கள் இல்லை. கட்டாருக்கோ குவைத்துக்கோ விமானம் ஏற இரண்டு கிழமை இருக்கும்போது "போறதுக்கு முன்னம் இதை முடிச்சிட்டுப் போவம்" என்று ஓடிவருவதும் அப்படித்தான். அவசரம் இருந்தால் தற்காலிக முறை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவைப் பிறகு எடுக்கலாம்.

சரி, எந்த நாள் நல்ல நாள்? கடைசிப் பிள்ளை ஒரு வயதைத் தாண்டி, ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டு, நிறை கூடி ஓடித் திரிகிறது. தாய்க்கு மாதவிடாய் ஒழுங்காகி, தூக்கமும் திரும்பிவிட்டது. யாரும் நெருக்கவில்லை, பயமுறுத்தவில்லை. அப்படி ஒரு சாதாரண நாளில் "இன்னொன்று வேணுமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டு, இரண்டு பேர் வாயிலிருந்தும் "வேண்டாம்" என்று தயங்காமல் வருகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே பதில் என்றால் நீங்கள் ஆயத்தம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, சீசர். மூன்றாவது சீசர் என்றால், வயிற்றைத் திறந்த அதே நேரத்தில் கருக்குழாயையும் கட்டிவிடுவது வசதி; இன்னொரு தடவை ஒப்பரேசன் தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பேச்சை ஏழாம் மாதத்துக்குள்ளேயே தொடங்குங்கள். இருவருமாகக் கிளினிக்குக்குப் போய் வி.ஓ.ஜி. டொக்டரிடம் கேட்டு, கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அப்போதே இதையும் சொல்லி வையுங்கள்: "பிள்ளை சுகமாகப் பிறந்தால் மட்டும் செய்யுங்கள், ஏதும் சந்தேகம் என்றால் வேண்டாம்." பிறந்த பிள்ளைக்கு மூச்சில் பிரச்சினை என்றாலோ இருதயத்தில் சத்தம் கேட்கிறது என்றாலோ ஒப்பரேசனைத் தள்ளிவைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. ஆறு வாரம் கழித்துத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

வயதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் குழாய் கட்டிக்கொண்ட பெண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். 30 வயதிலோ அதற்கு முன்போ செய்தவர்களில் 100க்கு 20 பேர் அளவில் பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். 30ஐத் தாண்டிச் செய்தவர்களில் அது 100க்கு 6 பேர் அளவுதான். 19 வயதில் கலியாணம் முடித்து 25 வயதில் மூன்று பிள்ளைகளோடு வரும் தங்கச்சிமார் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னும் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. அவர்களிடம் நான் கருப்பைக்குள் வைக்கும் லூப்பைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். டொக்டர்மாரும் தாயின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கடைசிப் பிள்ளையின் வயது இவற்றைப் பார்த்துத்தான் சம்மதிப்பார்கள். "ஏன் எனக்குச் செய்யமாட்டாங்களாம்?" என்று கோபப்பட வேண்டாம்.

ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "போதும்" என்பது யாருடைய வார்த்தை? நம்முடைய ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். சீதன வீடு மகளுக்கு, தாய் தகப்பன் அதே வளவுக்குள். ஆகவே மற்ற ஊர்களில் மாமியார் செய்யும் வேலையை இங்கே பெண்ணின் தாயே செய்வார். "மகளுக்கு உடம்பு தாங்காது, நிப்பாட்டுங்க" என்று அவரே முடிவெடுத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வருவதும் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: "மூண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள், கடைசி காலத்தில உன்னைப் பாக்க ஒரு பொம்பிளைப் பிள்ளை வேண்டாமா கா?" குடி, அதாவது குலம், தாய்வழியில் வருகிற நம் பகுதியில் மகள் இல்லாத தாய்க்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தும். அம்மாவின் அக்கறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பேச்சின்போது அறைக்குள் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும். அம்மாவிடம் முடிவைச் சொல்லுங்கள், முடிவைக் கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் கணக்கு வேறு மாதிரி ஓடும். மூன்று பெண் என்றால் மூன்று வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று தகப்பன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண் பிள்ளைக்காக இன்னொன்று முயன்று பார்க்கலாமா என்ற எண்ணமும் அதே நேரத்தில் உள்ளே கிடக்கும். அந்த எண்ணம் மனதின் ஒரு மூலையில் இருந்தால் அதை வெளியே எடுத்துப் பேசித் தீருங்கள். பேசாமல் ஒப்பரேசன் செய்துவிட்டு, பத்து வருடம் கழித்து ஒரு சண்டையில் அது வெளியே வந்தால் அதைத் தாங்கும் சக்தி யாருக்கும் இருப்பதில்லை.

இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வாய் வராது. ஆனால் நம் கரையில் வாழ்கிறவர்கள் அதைக் கேட்காமல் விடக் கூடாது. இருக்கும் பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால்? 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி வந்தபோது நாவலடியிலும் கல்லாற்றிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதுவிலும் என்ன நடந்தது என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். பெற்ற எல்லாப் பிள்ளைகளையும் ஒரே காலையில் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். அவர்களில் குழாய் கட்டியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினப் பக்கத்தில் அப்படிப்பட்ட தாய்மாருக்குக் குழாயை மறுபடி பொருத்தும் ஒப்பரேசனை அரசாங்கமே செய்து கொடுத்தது. சிலருக்குப் பிள்ளை கிடைத்தது, எல்லாருக்கும் இல்லை.

பயமுறுத்தி முடிவை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை போனால் அந்த இடத்தை இன்னொரு பிள்ளை நிரப்பாது என்று சொல்லும் தாய்மாரையும் தெரியும். பிறகு பிறந்த பிள்ளையால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் தாய்மாரையும் தெரியும். உங்கள் மனம் இதில் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு தடவை அதை நேராகப் பார்த்துவிட்டு "அப்படி வந்தாலும் இனிப் பெறமாட்டேன்" என்று சொல்ல முடிகிறவர் நிரந்தர முறைக்குப் பொருத்தமானவர். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு அடைக்கிறவர் லூப்பைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் தவறில்லை.

மூன்றாவது, இந்தத் துணை இல்லாமல் போனால்? விபத்தில் போகலாம், நோயில் போகலாம், பிரிந்தும் போகலாம். இளம் வயதில் துணையை இழந்தவர் மறுமணம் செய்வது இப்போது நம் ஊரிலும் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். புதுத் துணைக்குப் பிள்ளை ஆசை இருக்கும். இந்தக் கேள்வியைக் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து பேசுவது கஷ்டம். தனித்தனியே யோசித்துப் பாருங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. குடும்பத்தைச் சரிசெய்ய ஒப்பரேசன் செய்யாதீர்கள். "பிள்ளைப் பயம் போனால் அவர் அன்பாக இருப்பார்", "இதைச் செய்தால் அவர் குடியைக் குறைப்பார்" என்று நம்பிக் கையொப்பம் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒப்பரேசன் கருவைத்தான் தடுக்கும்.

ஒப்பரேசன் இல்லாமலும் பத்து வருடம்

இதை யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். செம்புக் கம்பி சுற்றிய லூப், அதாவது கொப்பர் டி 380ஏ, போட்டால் 10 வருடம் வேலை செய்யும். அந்தப் பத்து வருடத்தில் அது தவறி கரு தங்குவது 100 பேரில் 2 பேருக்கு. குழாய் கட்டினாலும் பத்து வருடத்தில் ஏறக்குறைய அதே 2 பேர்தான். ஆகவே லூப் என்பது ஒப்பரேசனுக்கு ஏழைத் தங்கச்சி இல்லை. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம் என்பதுதான் வித்தியாசம். முதல் சில மாதங்களுக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகும், வயிற்று வலியும் இருக்கும். இரத்தம் குறைந்தவர்கள் அதை முதலில் சரிசெய்துகொண்டு போட வேண்டும்.

40 வயதைத் தாண்டிய பிறகு போட்ட செம்பு லூப்பை மாதவிடாய் நிற்கும் வரை அப்படியே விட்டு வைக்கலாம். 42 வயதில் "மிஸ், எல்.ஆர்.டி. செய்யட்டா?", அதாவது குழாய் கட்டட்டா, என்று வரும் தாய்மாரிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தியேட்டர், மயக்க ஊசி, தையல் ஒன்றுமே வேண்டாம்.

கையில் தோலுக்குக் கீழே வைக்கும் ஜடெல் குச்சிகள் 5 வருடத்துக்கு. அவையும் நம்பகமானவை, ஆனால் மாதவிடாய் ஒழுங்கு குழம்பும். சிலருக்குத் தீட்டுத் துளித்துளியாக நாட்கணக்கில் போகும். கோயில் சடங்கு, நோன்பு, தொழுகை என்று நாள் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உபத்திரவம். மூன்று மாத ஊசியும் மாத்திரையும் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

சமயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்து என் சகோதரிகள் பலருக்கு, தாயின் உயிருக்கு ஆபத்து இல்லாமல் நிரந்தரமாக நிறுத்துவது மார்க்கத்தில் ஆகாது என்ற எண்ணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையும் இதை ஏற்பதில்லை. மனச்சாட்சி உறுத்த உறுத்தச் செய்கிற ஒப்பரேசன் பிறகு ஒவ்வொரு தலைவலிக்கும் காரணமாகத் தெரியும். மெளலவியிடமோ பாதரிடமோ கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாருங்கள். லூப்பைப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள், அதுவே உங்களுக்கு நிம்மதி என்றால் அதுவே நல்லது.

ஆண்களுக்குச் செய்வது

எல்லாம் யோசித்து, நிரந்தரம்தான் என்று முடிவாகிவிட்டது. இப்போது யாருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பெரும்பாலான வீட்டில் மனைவி எழுந்து போய் கிளினிக் கார்டைத் தேடுவார். கணவர் கதிரையில் இருப்பார். இதை நான் வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்தேன், இன்னும் பார்க்கிறேன். பத்து மாதம் சுமந்தது, பெற்றது, சீசர் தழும்பு, ஊசி, மாத்திரை எல்லாம் அவளுடைய உடம்பு. கடைசியில் ஒப்பரேசனும் அவளுக்கே. தம்பிமாரே, கொஞ்சம் கேளுங்கள்.

ஆணுக்குச் செய்வது வாசெக்டமி. விரைகளிலிருந்து உயிரணு வரும் இரண்டு மெல்லிய குழாய்களை, விரைப்பையின் தோலில் சின்னத் துளை போட்டு எடுத்து, வெட்டி அடைத்துவிடுகிறார்கள். மரத்துப்போக வைக்கும் ஊசி அந்த இடத்துக்கு மட்டும். கால் மணி, அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். கத்தி வைக்காமல் கூர்மையான கருவியால் துளை மட்டும் போடும் முறை 1974இல் சீனாவில் தொடங்கியது. அதில் தையல்கூடத் தேவையில்லை. பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றுக்குள் போகும் ஒப்பரேசன். ஆபத்தைப் பார்த்தாலும் சரி, ஆற எடுக்கும் காலத்தைப் பார்த்தாலும் சரி, ஆணுக்குச் செய்வதுதான் இலகு.

"ஆம்பிளைத்தனம் போயிடுமா?" இதை நேரில் கேட்க வெட்கப்பட்டு மனைவியை அனுப்பிக் கேட்டவர்கள் ஏராளம். போகாது. ஆண் ஹோர்மோன் இரத்தத்தோடு ஓடுகிறது, அந்தக் குழாயால் இல்லை. தாடி, குரல், பலம், ஆசை, எழுச்சி எதுவும் மாறாது. விந்தும் முன்போலவே வரும். உயிரணு அதில் மிகச் சிறிய பங்குதான், அது இல்லாததைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தோணி தள்ளுகிறவரும் மூட்டை தூக்குகிறவரும் ஆறிய பிறகு பழையபடி வேலை செய்யலாம்.

தவறு நடப்பது வேறு இடத்தில். ஒப்பரேசன் முடிந்த அன்றிலிருந்து பலன் இல்லை. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே நிற்கும் உயிரணுக்கள் வெளியேற 3 மாதம் வேண்டும். அந்த மூன்று மாதமும் ஆணுறை, அல்லது மனைவி பாவிக்கும் முறையை அப்படியே தொடர வேண்டும். மூன்று மாதம் முடிந்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று எழுத்தில் வந்த பிறகுதான் நம்பலாம். அந்தப் பரிசோதனையைச் செய்தவர்களில் முதல் வருடத்தில் கரு தங்குவது 100க்கு ஒன்றுக்கும் குறைவு. செய்யாமல் விட்டவர்களில் 2, 3 பேர். இந்தக் காலத்துக்குள் மனைவி கர்ப்பமாகி, சந்தேகம் வந்து, வீடு இரண்டுபட்ட கதை எனக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. மூன்று மாதக் கணக்கை அந்த வீட்டுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வருகிறவர் லீவின் கடைசிக் கிழமையில் செய்தால் ஓய்வும் இல்லை, பரிசோதனையும் இல்லை. வந்த முதல் கிழமையிலேயே செய்யுங்கள். பரிசோதனையை அடுத்த லீவில் செய்யும் வரை மனைவி தன் முறையை நிறுத்தக் கூடாது. வெள்ளாமைக்காரர் பெரும்போக வெட்டு முடிந்து பங்குனி, சித்திரையில் செய்தால் வசதி. கடல் தொழில் செய்கிறவருக்கு மாரி காலத்தில், கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும் நாட்களில் எப்படியும் வேலை இல்லை. ஆனால் வெள்ளம் வந்து பாதை அடைபடுகிற கிழமையைத் தவிருங்கள். ஏதும் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செய்த பிறகு இரண்டு நாள் ஓய்வு. முதல் சில மணி நேரம் துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் இறுக்கமான உள்ளாடை போடுங்கள், அந்த இடம் நனையக் கூடாது. வலிக்குப் பனடோல் போதும். மோட்டார் சைக்கிள், சைக்கிள், மண்வெட்டி, பாரம் எல்லாம் ஒரு கிழமைக்கு வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு, நோவு இல்லை என்றால், ஆணுறையோடு சேரலாம்.

வாசெக்டமி எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நாளும் செய்வதில்லை. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், எம்.ஓ.எச். ஒஃபிஸ் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும், எங்கே எப்போது என்று விசாரியுங்கள். மிட்வைஃபிடம் கேட்க வெட்கம் என்றால் நேரே டொக்டரிடம் கேட்கலாம்.

எல்.ஆர்.டி.

பெண்ணுக்குக் குழாய் கட்டுவதை நம் ஆஸ்பத்திரிகளில் எல்.ஆர்.டி. என்பார்கள். சாதாரணப் பிரசவம் என்றால் பிறந்த ஒரு கிழமைக்குள், தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் செய்யலாம். அந்த நாட்களில் கருப்பை மேலே நிற்பதால் குழாய் கைக்கு எட்டும். அது தவறினால் ஆறு வாரம் கழித்துத்தான். சீசரோடு செய்வதை முன்னமே சொன்னேன். இது செய்த உடனே பலன் தொடங்கிவிடும், மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. ஆணுக்குச் செய்வதைவிட இதில் உள்ள ஒரு வசதி அதுதான்.

சில டொக்டர்மார் கட்டாமல் குழாய்களை முழுமையாகவே எடுத்துவிடுகிறார்கள். சூலகப் புற்றுநோய் வரும் ஆபத்தை அது குறைக்கும். ஆனால் பிறகு பொருத்துவதற்குக் குழாயே இருக்காது. உங்களுக்கு எதைச் செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"எல்.ஆர்.டி. செய்த பிறகு உடம்பு பெருத்துப் போச்சு, தீட்டு அதிகமாய்ப் போகுது" என்று சொல்வார்கள். சூலகம் அப்படியே இருக்கிறது, ஹோர்மோனும் அப்படியே. மாதவிடாய் முன்போலவே வரும். ஒன்று நடக்கும்: முன்பு மாத்திரை பாவித்தவருக்குத் தீட்டுக் குறைவாகப் போயிருக்கும். அதை நிறுத்தியதும் அவருடைய பழைய அளவு திரும்பி வரும். பழி ஒப்பரேசன் மேல் விழும்.

இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. முதல் வருடத்தில் 1000 பேரில் 5 பேருக்குக் கரு தங்கலாம். பத்து வருடத்தில் 18, 19 பேருக்கு. நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றிக் கருக்கலைப்புக்கு இடமில்லை. ஆகவே இந்த எண்ணிக்கை சிறியது என்றாலும் இருவரும் தெரிந்துகொண்டே போக வேண்டும். பாலுறவால் தொற்றும் நோய்களையும் இந்த இரண்டு ஒப்பரேசனும் தடுக்காது.

இன்னொன்று: "பிறகு வேணும் என்றால் திருப்பிப் பொருத்தலாம்தானே?" என்ற நினைப்போடு யாரும் போக வேண்டாம். பொருத்துவது கடினமான ஒப்பரேசன், எல்லா இடத்திலும் செய்வதில்லை, செய்தாலும் பிள்ளை கிடைக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அந்த நினைப்பு இருக்கிறவருக்கு நான் லூப் என்றே சொல்வேன்.

போகும் முன்னும் வந்த பின்னும்

இருவரும் சேர்ந்தே போங்கள். கர்ப்பிணிப் பதிவேடு, பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேடுகள், அடையாள அட்டைகள், பழைய ஒப்பரேசன் கார்டுகள், குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சீனி, பிரஷர், இழுப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கையொப்பம் போடும் படிவம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அம்பாறை நகரத்துக்குப் போகிற தமிழ், முஸ்லிம் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். விளங்காமல் கையொப்பம் போட வேண்டாம். தியேட்டர் வாசலில் மனம் மாறினாலும் "வேண்டாம்" என்று சொல்லி எழுந்து வரலாம். அதற்காக யாரும் உங்களுக்குத் தரும் மற்றச் சிகிச்சையை நிறுத்த முடியாது.

எல்.ஆர்.டி. செய்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு நாள் முழு ஓய்வு. ஒரு கிழமைக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, மூத்த பிள்ளையைத் தூக்குவது ஒன்றும் கூடாது. கணவர் இருக்கிறார், வளவுக்குள் அம்மா இருக்கிறார், அவர்கள் செய்யட்டும். வெட்டிய இடத்தை ஓரிரண்டு நாள் நனைக்காமல் சுத்தமாக வைத்திருங்கள். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் தடவ வேண்டாம். ஒரு கிழமைக்குச் சேர வேண்டாம். அதற்குப் பிறகும் நோவு இருந்தால் நோவு போகும் வரை பொறுங்கள். காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனாலோ, சலம் வைத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆணுக்கும் இதேதான், கூடவே விரைப்பை வீங்கினால்.

பிறகு வருடங்கள் போகும், ஒப்பரேசன் செய்ததே மறந்துபோகும். ஆனால் எல்.ஆர்.டி. செய்த பெண் ஒன்றை மறக்கக் கூடாது. அபூர்வமாகக் கரு தங்கினால் அது கருப்பைக்கு வெளியே, குழாயிலேயே தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கு ஆபத்து. ஆகவே நாள் தள்ளிப்போனால் "எனக்குத்தான் கட்டியாச்சே" என்று இருக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தலைச்சுற்று, தோள்மூட்டில் காரணமில்லாத வலி என்றால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், நடுச்சாமம் என்றாலும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது "நான் எல்.ஆர்.டி. செய்தவள், நாள் தள்ளியிருக்குது" என்பதுதான். ஸ்கேன் செய்து பார்க்கும் வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.